இளைப்பாறுகிறார்

சேசு மரி சூசை

சாந்தோம், 15-4-1942

அன்புள்ள தங்கை லூயிசாவுக்கு அண்ணன் வில்லியம் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உன் சுகம், கிளாடிஸ் சுகம், மர்சலின் சித்தியின் முழங்கால் சுகம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் போடவும்.

நீயும் குழந்தையும் திருச்சிக்கு ரயில் ஏறிய மறுநாளே பட்டணம் பாதி காலி. கச்சேரி ரோட்டில் பத்து வீட்டில் எட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. மாட வீதியில் கத்திரிக்காய்க்காரி கூவிக்கொண்டு போனால் எதிரொலிதான் பேரம் பேசுகிறது. ஜப்பான்காரன் இன்னும் நம் ஊரில் ஒரு குண்டும் போடவில்லை. அதற்குள் நம் ஜனங்கள் வாயாலேயே தினம் பத்துக் குண்டு போட்டுவிடுகிறார்கள்.

அதனால் பத்திரிகை ஆபீஸில் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஆசிரியர் சந்திரமௌலி ஐயர் கூப்பிட்டு, "ஓய் வில்லியம், புரூஃப்ல ஒரு கால்புள்ளியக்கூட விடமாட்டேரே, ஊர்ல கெளம்பற புரளிக்கும் நீரே புரூஃப் பாத்துடும். எங்காத்துல மட்டும் இன்னிக்குக் கார்த்தால மூணு புரளி!" என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'விசாரித்த வகையில்' என்ற பத்தி. வாரம் இரண்டு நாள் வரும். என்ன புரளி வந்தாலும் நான் கேட்பது மூன்றே கேள்வி. பார்த்தது யார்? எப்போது? எங்கே நின்று? மூன்றுக்கும் பதில் கிடைக்காதது அச்சில் ஏறாது.

முதல் புரளியே சிங்கம். லஸ் முனையில் சிங்கம் உலவுகிறது என்று தியாகராய நகர் வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள் என்பது நிஜந்தான், அதிலிருந்து ஒன்று தப்பித்துவிட்டதாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கட்டை வண்டிக்காரர் அகப்பட்டார். ஒரு சின்னக் கோயிலின் சிம்ம வாகனத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று செங்கல்பட்டுக்கு ஏற்றிப் போயிருக்கிறார். போர்த்திய சாக்கு நழுவி, தலை மட்டும் வெளியே தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் சிங்கம்!

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் உண்டா? ரங்கூன் விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அங்கே அரிசி மில்லில் குமாஸ்தாவாக இருந்த நம்மவர்கள் பலபேர் காட்டு வழியாக நடந்தே வருகிறார்களாம். மரியதாஸ் கெட்டிக்காரர், வந்துவிடுவார். தைரியமாக இரு.

இப்படிக்கு
வில்லியம்


திருச்சிராப்பள்ளி, 22-4-1942

அன்புள்ள அண்ணனுக்கு லூயிசா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். கிளாடிஸ் சுகம். சித்தியின் இடது முழங்கால் சுகம், வலது சுகமில்லை. கேட்டபடி தனித்தனியாக எழுதிவிட்டேன்.

சிங்கத்தைப் பிடித்த வீரரே, இங்கே ஒன்று உலவுகிறது, இதையும் பிடியுங்கள். சாந்தோம் கோவில் கோபுரம் குண்டு விழுந்து தரைமட்டம் என்று திருச்சி முழுக்கப் பேச்சு. மீன் வாங்கப் போனால் மீன்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிறாள். உங்கள் கடிதம் அதற்குப் பிந்தின தேதியில் வந்ததால்தான் எனக்கு உயிர் வந்தது.

உங்கள் பத்தியைக் கிளாடிஸுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. முறுக்கைப் பூனை தின்றுவிட்டது என்று சித்தி சொன்னால், ஏழு வயசுப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பார்த்தது யார்?" என்கிறாள்.

அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. டிசம்பர் பதினெட்டாம் தேதி போட்டதுதான் கடைசி. 'கிறிஸ்மஸ் முடிந்து கப்பல் கிடைத்தால் வருகிறேன்' என்று இருந்தது. அதற்கு அஞ்சாம் நாள் அங்கே குண்டு போட்டார்கள். கல்கத்தாவிலிருந்து அகதிகள் ரயில் சென்ட்ரலுக்கு வருகிறதாமே, நீங்கள் போய்ப் பார்ப்பீர்களா? காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் என்று அந்தோணியாருக்கு நவநாள் செய்துகொண்டிருக்கிறேன். நான் அழுவதில்லை. அழுதால் அவள் ஏன் என்று கேட்பாள்.

உங்கள் தங்கை
லூயிசா


சாந்தோம், 2-5-1942

அன்புள்ள லூயிசாவுக்கு. இங்கே வெயிலைத் தவிர மற்றெல்லாம் சுகம். அங்கே எப்படி?

கோபுரம் இருக்கிறது. காலையில் கடற்கரையில் நின்று பார்த்தேன், பிறகு கோவிலுக்குள்ளேயே போய் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. புரளி பிறந்த இடத்தையும் கண்டுபிடித்தேன். நம் குப்பத்துக் கட்டுமரக்காரர் கபாலிதான். "வெளிச்சத்த வெச்சுத்தான் கரைக்கு வருவோம் நைனா. இப்ப பட்டணமே வெளக்க அணைச்சிட்டுகீது. கோபுரத்தையே காணோம்னு சொன்னேன். இடிஞ்சிபூட்ச்சுன்னு நான் எங்க சொன்னேன்?" என்றார். அவர் சொன்ன 'காணோம்' கண்ணுக்குத் தெரியவில்லை என்கிற காணோம். கரைக்கு வந்ததும் அது இல்லாமலே போய்விட்ட காணோம் ஆகிவிட்டது. ஒரு சொல் மாறவில்லை பார், அர்த்தம் மட்டும் மாறிவிட்டது!

நேற்றைய பத்தியில் எழுதிவிட்டேன். ஆனால் நம் பத்திரிகை விற்கிற தூரம்தான் அது போகும். புரளி டிக்கெட் வாங்காமலே கல்கத்தா வரைக்கும் போய்விடும்.

சென்ட்ரலுக்கு நாலு தடவை போனேன். 'மரியதாஸ், ரங்கூன் அரிசி மில், சாந்தோம்' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்குகிறவர்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாதிப் பேர் காலில் செருப்பில்லை, துணிதான் சுற்றியிருக்கிறது. அவரைத் தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. நாளைக்கும் போவேன்.

கிளாடிஸிடம் சொல், முறுக்குக் கேஸில் பூனையையும் விசாரிக்க வேண்டும்.

வில்லியம்


சாந்தோம், 3-6-1942

என் பிரிய தங்கைக்கு,

நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. சுகமா என்று கேட்டிருந்தாய். நான் சுகமில்லை அம்மா. இதைத் தனியாகப் படிக்காதே. சித்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

மே மாதம் இருபதாம் தேதி ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. ஓரமெல்லாம் கறுப்பு மை. பார்த்ததுமே சாவுக் கடிதம் என்று தெரிந்துவிட்டது. நம் மரியதாஸ் நெடும் பயணமும் துன்பமும் முடிந்து நித்திய இளைப்பாற்றியில் இருக்கிறார். உனக்குத் தக்கபடி தெரிவிக்கச் சொல்லி எழுதியிருந்தது. தக்கபடி தெரிவிப்பது எப்படி என்று பதினான்கு நாளாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ புரளியைப் பொய் என்று எழுதினேன். இதையும் அப்படி எழுதிவிட மாட்டோமா என்று இருக்கிறது. ஆனால் கார்டை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நேற்று இங்கே அவருக்காகத் துக்கப் பூசை வைத்தோம். நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும் ஆண்டவரே.

பாவி அண்ணன்
வில்லியம்


திருச்சி, 8-6-1942

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சித்திதான் முழுக்கப் படித்தாள். நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கையில் அரிசிச் சொளகு இருந்தது, புடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

கிளாடிஸிடம் சொல்லவில்லை.

அந்தக் கார்டை எனக்கு அனுப்புங்கள். அவர் பேர் எழுதின கடைசிக் காகிதம் அதுதான்.

லூயிசா


சாந்தோம், 14-6-1942

அன்புள்ள லூயிசாவுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? சித்தி ஒரு வரி எழுதினால் தேவலை.

கார்டு என்னிடம் இல்லை. சாவுக் கடிதத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, படித்த இடத்திலேயே கிழித்துவிட வேண்டும் என்று நம் வீட்டில் வழக்கம் இருக்கிறதே. தாத்தா போனபோது அப்பா வாசற்படி தாண்டுவதற்கு முன்பே கிழித்தார், உனக்கும் ஞாபகம் இருக்கும். நானும் மேஜையில் உட்கார்ந்தபடியே கிழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை, கை தானாகவே செய்துவிட்டது.

நம் பத்திரிகையில் போட்ட மரண அறிவிப்பைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். சந்திரமௌலி ஐயர் இரண்டாம் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். புரூஃப் நானே பார்த்தேன். பிழை இல்லை.

வில்லியம்


திருச்சி, 5-7-1942

அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தாலியைக் கழற்றி மாதா படத்தின் கீழே வைத்தேன். கறுப்பு உடுத்திக்கொண்டேன். அதற்குமேல் கிளாடிஸிடம் மறைக்க முடியவில்லை. அப்பா மோட்சத்துக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். என் கறுப்புச் சேலையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம், "மாமா பார்த்தாரா?" என்றாள். மாமா கார்டைப் பார்த்தார் என்றேன். "கார்டைச் சரி, அப்பாவைப் பார்த்தது யார்?" என்றாள்.

உங்கள் ஜூன் மூன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன், முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். அதில் கார்டு எழுதினவர் பேர் இல்லை. எந்த ஊரிலிருந்து என்று இல்லை. அவர் என்றைக்குப் போனார் என்று இல்லை. மரண அறிவிப்பிலும் தேதி இல்லை, 'சமீபத்தில்' என்று போட்டிருக்கிறீர்கள்.

பார்த்தது யார்? எப்போது? எங்கே நின்று? சிங்கத்துக்குக் கேட்ட கேள்வியை என் புருஷனுக்குக் கேட்கவில்லையா அண்ணா?

அவரை அடக்கம் பண்ணினவர் யார் என்று தெரிந்தால் போதும், நான் அவருக்கு நன்றி சொல்லி எழுதுவேன். அந்தக் கார்டில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதுங்கள். நீங்களாக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

லூயிசா


திருச்சி, 2-8-1942

அண்ணனுக்கு,

நாலு வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை. உங்களுக்குக் காய்ச்சலா? 'விசாரித்த வகையில்' பத்தியும் மூன்று வாரமாக வரவில்லை என்று இங்கே பத்திரிகை வாங்குகிற வாத்தியார் சொல்கிறார்.

சுகம் என்று மட்டுமாவது எழுதுங்கள். கேள்வி அப்படியே இருக்கிறது.

லூயிசா


சாந்தோம், 28-8-1942

லூயிசாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே சொல்லுக்குச் சொல் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுதினவர் பேர் எனக்குத் தெரியவில்லை லூயிசா. நான் பார்க்கவில்லை. ஒரு கார்டுக்குப் பின்பக்கம் உண்டு, விலாசத்துக்குப் பக்கத்தில் பாதி இடம் எழுதுவதற்கு உண்டு, இது கிளாடிஸுக்குக்கூடத் தெரியும். நான் திருப்பிப் பார்க்கவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அந்தப் பத்தியையும் எழுத முடியாமல் நடைப்பிணமாகத் திரிந்தேன்.

போன வாரம் கம்பாசிட்டர் ஷாஹுல் ஹமீது என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து போய் எழுத்துப் பெட்டியில் 'ங' வரிசை அறையை இழுத்தார். ஙா, ஙி, ஙூ எல்லாம் எவனுக்கு வேண்டும், அந்த அறையை வருஷத்துக்கு ஒருமுறைகூட யாரும் திறப்பதில்லை. அதற்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "அளுதுகினே கிழிச்சீங்க. அப்பால தேடுவீங்கன்னு பொறுக்கி வெச்சேன்" என்றார். பதினொரு துண்டு. தவறு திருத்துகிற மேஜையில் வைத்து ஒட்டினோம்.

முன்பக்கம் அப்படியே எழுதுகிறேன். 'ஐயா, தங்கள் மைத்துனர் மரியதாஸ் அவர்கள் நெடும் பயணமும் துன்பமும் முடிந்து' என்று இருக்கிறது. பிறகு இரண்டு வரியைச் சென்ஸார்க்காரர்கள் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். அந்த மைதான் ஈரத்தில் பரவி ஓரமெல்லாம் கறுத்திருக்கிறது. அதற்குக் கீழே 'இளைப்பாறுகிறார். இதைத் தங்கள் தங்கைக்குத் தக்கபடி தெரிவிக்கவும்.' அவ்வளவுதான். 'நித்திய' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நான் போட்டது அது. அச்சில் இல்லாத எழுத்தைப் படிக்கிறவன் புரூஃப் ரீடரே இல்லை என்று நான்தான் எல்லாருக்கும் சொல்வேன்.

ஷாஹுல் ஹமீது ஒருதரம் படித்தார். "இன்னா சார் இது, இளைப்பாறிக்கினு கீறார்னுதானே போட்டுக்கீது? ஓய்வா படுத்துகினு கீறார்னு அர்த்தம். நல்ல சேதிதானே? இதுக்கா அளுதீங்க?" என்று கேட்டார்.

ஒட்டின கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்திரமௌலி ஐயரிடம் நீட்டினேன். அவரும் அப்படியேதான் படித்தார். நானும் நீயும் அப்பாவும் நம் கோவில் ஜனம் அத்தனை பேரும் பிறந்தது முதல் செத்தவர்களுக்காக 'நித்திய இளைப்பாற்றி' என்று ஜெபித்துத்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம். எழுதினவருக்கு அது வெறும் தமிழ். பார்த்த மாத்திரத்தில் சாவு என்று படிக்க நம்மவர்களால்தான் முடியும்.

பின்பக்கம் இது. 'கால் புண் ஆற இரண்டு மாதம் ஆகும். கை நடுங்குவதால் அவருக்காக நான் எழுதுகிறேன். மனைவியும் மகளும் சுகம் என்று ஒரு வரி உடனே போடவும். தினம் அதைத்தான் கேட்கிறார். அகதிகள் முகாம் ஆஸ்பத்திரி, கல்கத்தா. 8-5-42. கல்யாணராமன், தொண்டர்.'

கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தேன், கடிதமும் போட்டேன். காங்கிரஸ் தலைவர்களைப் பிடித்ததிலிருந்து தேசம் முழுக்கக் கலவரம், தண்டவாளம் பெயர்ந்து கிடக்கிறது, எப்போது போய்ச் சேரும் என்று தபாலாபீஸில் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்தார் லூயிசா. மே எட்டாம் தேதி உயிரோடு இருந்தார். இதற்குமேல் எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

என்னை மன்னிப்பாயா?

வில்லியம்


திருச்சி, 4-9-1942

அண்ணனுக்கு,

படித்தேன். வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அபயாம்பாள் மாமி ஓடி வந்து, "என்னடீம்மா, ஏதாவது துக்கமா?" என்று கேட்டாள். இல்லை மாமி, துக்கம் இல்லையாம் என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நாம் பூசை வைத்த அன்றைக்கு அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு தபால்காரரை எதிர்பார்த்திருக்கிறார். ஒரு வரி. ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறார். நான் இங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாலியைத் தொடப் பயமாக இருக்கிறது. கிளாடிஸிடம் என்ன சொல்ல? ஒருதரம் செத்தவரைத் திரும்பவும் சாகடிக்க என்னால் முடியாது. கல்கத்தாவிலிருந்து என்ன வந்தாலும், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே அனுப்புங்கள். தக்கபடி தெரிவிக்க வேண்டாம். வந்தபடி தெரிவியுங்கள்.

லூயிசா


சாந்தோம், 25-10-1942

லூயிசாவுக்கு,

வந்தபடி தெரிவிக்கச் சொன்னாய். அதையும் நான் செய்யவில்லை. கல்யாணராமனின் பதில் செப்டம்பர் இருபத்தாறாம் தேதியே வந்துவிட்டது. உனக்கு நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்தேன். கிழிப்பது எனக்குக் கைவந்த வேலையாகிவிட்டது.

மாப்பிள்ளை ஜூன் கடைசியில் புண் ஆறி, கோலூன்றி ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டாராம். ஊருக்குப் போகவில்லையா என்று கல்யாணராமன் கேட்டதற்கு, "மதராஸில் எனக்கு யாரும் இல்லை" என்றாராம். அஸ்ஸாம் பக்கம் ரோடு போடுகிற இடத்தில் ஸ்டோர் குமாஸ்தா வேலை என்று ஒரு கண்டிராக்டரோடு போனார், விலாசம் தெரியாது, விசாரிக்கிறேன் என்று எழுதியிருந்தார். யாரும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? நம்மேல் கோபம் என்று நினைத்தேன். உன்னை அவர் வெறுத்துவிட்டார் என்று உனக்கு எப்படி எழுதுவேன்? இந்தத் தடவையும் நான் தப்பாகத்தான் படித்திருக்கிறேன்.

நேற்று ஆபீஸுக்கு இந்தக் கடிதம் வந்தது. ஒரு மாதம் எங்கெங்கோ கிடந்து வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் படித்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். என்னால் வேறொன்றும் எழுத முடியவில்லை.

வில்லியம்


(இணைப்பு)

22-9-1942

வில்லியம் மச்சானுக்கு. மச்சான் இல்லையென்றால், ஆபீஸில் இதைப் பிரிக்கிற ஐயாவுக்கு.

என் பேர் மரியதாஸ். உயிரோடு இருக்கிறேன். கை இப்போது நடுங்குவதில்லை.

மே மாதம் எனக்காகக் கல்யாணராமன் ஐயா ஒரு கார்டு போட்டார். நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்தேன். பதில் வரவில்லை, கார்டும் திரும்பி வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ராயப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார், பவுல்சாமி என்று பேர். சாந்தோமில் குண்டு விழுந்தது, கோபுரத்தையே காணோம், அந்தத் தெருக்களில் ஒரு உயிர் தப்பவில்லை என்று அவருக்கு ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னாராம். முதலில் நான் நம்பவில்லை. லூயிசா இருந்தால் ஒரு வரி போடாமல் இருப்பாளா? நாள் ஆக ஆக நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

கல்கத்தாவில் ஒரு கோவிலில் லூயிசாவுக்கும் கிளாடிஸுக்கும் துக்கப் பூசை வைத்தேன். இரண்டு பேருக்கும் நித்திய இளைப்பாற்றி வேண்டித் தினம் செபமாலை சொல்கிறேன். வழியில் செத்த எத்தனையோ பேரை மண்ணில் தள்ளிவிட்டு நடந்து வந்தவன் நான். இவர்களை அடக்கம் பண்ணவாவது கை கொடுத்திருக்கலாம்.

கல்லறைத் திருநாளுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். ரயில் எப்படி ஓடுகிறது என்று தெரியாததால் அக்டோபர் நடுவிலேயே கிளம்புகிறேன். நவம்பர் இரண்டாம் தேதி காலையில் நம் கல்லறைத் தோட்டத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன். யார் எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கல்லறை என்று காட்ட யாராவது மிஞ்சியிருந்தால், தயவுசெய்து வாசலில் நிற்கச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி இரண்டு நானே கொண்டு வருகிறேன்.

மரியதாஸ்


திருச்சி, 28-10-1942

அண்ணனுக்கு,

நான் சுகம். கிளாடிஸ் சுகம். இந்த இரண்டு வார்த்தையையும் மே மாதத்தில் எழுதியிருக்க வேண்டியது.

அவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றேன். செத்துப்போனவர் எனக்குத் துக்கம் கொண்டாடுகிறார். கோபுரம் நிற்கிறது என்று முதல் ஆளாகக் கண்டுபிடித்து அச்சிலே போட்டவர் நீங்கள். அது ஒரு மனுஷருக்குத் தெரிந்திருந்தால் போதும், அவருக்குத் தெரியவில்லை. புரளி அவர் கட்டில் வரைக்கும் போயிருக்கிறது. போகாதது நம்முடைய ஒரு வரிதான்.

அவருக்குத் தந்தி அடிக்க வேண்டாம். இந்நேரம் ஏதோ ரயிலில் வந்துகொண்டிருப்பார், கைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் வேண்டாம். இனிமேல் எங்கள் விஷயம் எந்தக் காகிதத்திலும் போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எழும்பூரில் இறங்குகிறோம். கறுப்பை அவிழ்த்துவிட்டேன், நீலச் சேலை உடுத்தி வருகிறேன், ரங்கூனிலிருந்து அவர் அனுப்பினது. தாலியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருகிறேன். திங்கட்கிழமை கோவில் மணி அடிப்பதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்போம். கோலூன்றி வருகிற ஒவ்வொருவரையும் பார்ப்பேன். அன்றைக்கு வராவிட்டால் மறுநாளும் நிற்பேன். நீங்களும் வாருங்கள். ஷாஹுல் ஹமீதையும் முடிந்தால் அழைத்து வாருங்கள், அவரைப் பார்க்க வேண்டும். ஆனால் கிளாடிஸின் அப்பாவிடம் முதலில் போய் நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது.

மன்னிப்பாயா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தீர்கள். விசாரித்துச் சொல்கிறேன்.

கிளாடிஸிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். அப்பா உயிரோடு இருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. என்னையே முறைத்துப் பார்த்தாள். போன தடவை நான் சொன்னதைத்தான் நம்பினாள், பாவம்.

"பார்த்தது யார்?" என்று கேட்டாள்.

இன்னும் யாரும் பார்க்கவில்லை, நீதான் முதலில் பார்க்கப் போகிறாய் என்றேன். ஓடிப் போய்த் தன் செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

லூயிசா